கட் சொன்ன பிறகு மூன்று எண்ணவும்

பிப்ரவரி 4

அன்புள்ள கடைக்குட்டிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான், அத்தான், அப்பா மூவரும் சௌக்கியம். அப்பாவின் கண்ணில் புகை படிந்த மாதிரி இருந்தது இன்னும் கொஞ்சம் கூடியிருக்கிறது. "ஆபரேஷன் பண்ணிக்கலாம்பா" என்றால், "பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாச்சு, போ" என்கிறார். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அந்த எடிட்டிங் மேஜைக்கு முன்னால் கூன் போட்டு உட்காராதே.

நான் சொல்லப்போவதைக் கேட்டு நீ சிரிக்கக் கூடாது. போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு சினிமாக் கூட்டம் வந்தது. படம் எடுக்க இடம் பார்க்கிறார்களாம். நான் பாட்டுக்கு என் கவுண்டரில் இருந்தேன். விபத்தில் போன ஒருவரின் மனைவி வந்திருந்தாள். வழக்கம்போலக் கவரைப் பிரித்து, கைக்கடிகாரம், கண்ணாடி, சாவிக்கொத்து என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். "எல்லாம் சரியா இருக்கான்னு பார்த்துக் கையெழுத்துப் போடுங்கம்மா" என்றேன். பதினாறு வருடமாகச் சொல்கிற அதே பேச்சு. அவள் போனதும், தூணோரம் நின்றிருந்த ஒரு தாடிக்காரர் வந்தார்.

"இதையே என் படத்துல செய்வீங்களா?"

"எதை சார்?"

"இப்ப செஞ்சீங்களே, அதை."

அவர்தான் டைரக்டராம். "எனக்கு நடிப்பெல்லாம் வராது சார். வேணும்னா என் தங்கச்சியைக் கேளுங்க, அவதான் சினிமாவுல இருக்கா" என்று உன் எடிட்டர் பெயரைச் சொன்னேன். "அட, என் படத்துக்கெல்லாம் அவர்தாம்மா எடிட்டர்! அப்ப நீங்க எங்க வீட்டு ஆளு" என்று முடித்துவிட்டார். நாற்பத்தொரு வயதில் எனக்கு வந்த வாழ்வைப் பார்!

முதலில் நாலு போட்டோ அனுப்பச் சொல்கிறார்கள். எப்படி எடுக்க வேண்டும், என்ன போட்டுக்கொள்ள வேண்டும், எனக்கு ஒரு எழவும் தெரியாது. நீதான் சொல்லித் தரணும். ஆஸ்பத்திரி போனில் கூப்பிடாதே, வார்டு முழுக்கக் காது. கடிதம் போடு.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 23

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். முதுகும் நலம். உங்கள் எல்லாருடைய நலனும் அறிய ஆசை.

உன் கடிதம் ஏழாம் தேதியே வந்துவிட்டது. வேலை தலைக்கு மேல் கிடந்ததால்தான் இவ்வளவு தாமதம், வேறொன்றும் இல்லை. உனக்கு வாய்ப்பு வந்ததில் எனக்குச் சந்தோஷம். உண்மையாகவே சந்தோஷம்.

என்னைக் கேட்கச் சொன்னாயாமே. அந்தத் தாடிக்காரர் பன்னிரண்டு வருடமாக இந்த அறைக்கு வந்து போகிறார். நான்தான் அவர் படங்களுக்குப் பிலிமை வெட்டி ஒட்டுகிறேன். என் முதுகு அவருக்கு நன்றாகத் தெரியும், முகம் தெரியுமா என்பது சந்தேகம். ஒரு தரம்கூட அவர் என்னைக் கேட்டதில்லை. போகட்டும்.

போட்டோ விஷயம். ஸ்டூடியோவுக்குப் போகாதே, அவர்கள் உன்னைப் பொம்மையாக்கிவிடுவார்கள். வீட்டில் காலை ஒன்பது மணிக்கு ஜன்னல் பக்கத்தில் நில். ஜன்னலுக்கு முதுகு காட்டினால் முகம் கரியாகிவிடும். ஜன்னல் உன் பக்கவாட்டில் இருக்கட்டும். சுவரை ஒட்டி நிற்காதே, இரண்டு எட்டுத் தள்ளி நின்றால்தான் நிழல் பின்னால் விழாது. பிளாஷ் வேண்டாம். பவுடர் வேண்டவே வேண்டாம். பூப்போட்ட சட்டை போட்டால் பார்க்கிறவர்கள் பூவைத்தான் பார்ப்பார்கள். அத்தான் கேமராவை உன் கண் உயரத்துக்குப் பிடிக்க வேண்டும், மேலேயிருந்தும் வேண்டாம், கீழேயிருந்தும் வேண்டாம். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றால் தோள் தூக்கும். மூச்சை விடு, விட்ட பிறகு அவர் அழுத்தட்டும். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இடுப்பு வரை ஒன்று, பாதம் வரை ஒன்று. அத்தான் பாதத்தை வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்.

அப்பாவுக்கு என் அன்பைச் சொல்.

உன் தங்கை


மார்ச் 2

அன்புள்ள கடைக்குட்டிக்கு,

எல்லாரும் நலம். உன் கடிதம் வந்த மறுநாளே போட்டோ எடுத்தாயிற்று. கண் உயரத்துக்குப் பிடிக்கச் சொன்னாயே, அத்தான் என்னைவிட ஒரு சாண் குட்டை என்பது உனக்கு மறந்துபோச்சா? மனிதர் முக்காலி மேல் ஏறி நின்று, "மூச்சை விடு, மூச்சை விடு" என்று கத்தினார். பக்கத்து வீட்டுக்காரி யாருக்கோ பிரசவம் என்று ஓடி வந்துவிட்டாள். மூன்று படத்தில் என் பாதம் இல்லை. நாலாவதில் பாதம் மட்டும்தான் இருக்கிறது. இருந்தாலும் நேர் முகம் ஒன்று நன்றாக விழுந்தது. அதைப் பார்த்துத் தாடிக்காரர் சரி என்றுவிட்டார்!

காட்சி இதுதான். கல்யாணமாகி ஆறு மாதமான பெண் ஆஸ்பத்திரிக்கு வருகிறாள், புருஷன் போய்விட்டான். நான் அவனுடைய பொருள்களை எடுத்துக் கொடுத்து அவளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவ்வளவுதான். கதாநாயகியோடு நேருக்கு நேர்!

அப்பாவிடம் சொன்னேன். "நம்ம வீட்டுலேர்ந்து ஒருத்தி திரையில வரணும்னு இருந்துச்சு. யாரா இருந்தா என்ன" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "கடைக்குட்டிகிட்ட எல்லாத்தையும் கேட்டுக்கோ, அவளுக்குத்தான் அந்த வித்தை தெரியும்" என்றும் சொன்னார்.

எங்கே பார்ப்பது, எப்படி நிற்பது, எல்லாம் எழுது.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

நலம். அப்பாவின் கண்ணுக்கு டாக்டரைப் பார்த்தாயா? ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்துக்கொண்டு அதற்கு நேரமில்லை என்றால் ஊர் சிரிக்கும்.

கேட்டாய், சொல்கிறேன். நிற்க வேண்டிய இடத்தில் தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டிருப்பார்கள். வரும்போது குனிந்து பார்த்தாயோ, போச்சு. முதலில் கோட்டின் மேல் நின்றுகொண்டு பின்னாலேயே நடந்து எத்தனை எட்டு என்று எண்ணி வைத்துக்கொள். பிறகு அதே எண்ணிக்கையில் முன்னால் வா. எதிரே நிற்பவளின் இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்க்காதே, க்ளோசப்பில் உன் விழி ஊசலாடும். கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிற கண் எதுவோ அதை மட்டும் பார். கேமராவை மட்டும் ஜென்மத்துக்கும் பார்க்காதே.

எந்த வார்த்தையில் எந்தக் கையால் பேனாவை நீட்டினாயோ, எல்லா டேக்கிலும் அதே வார்த்தை, அதே கை. ஒன்றில் பேனா மேஜையிலும் இன்னொன்றில் உன் விரலிலும் இருந்தால் இங்கே நாங்கள் தலையில் அடித்துக்கொள்வோம். அவள் பேசி முடித்ததும் ஒரு மூச்சு விட்டுப் பேசு. பேச்சின் மேல் பேச்சு விழுந்தால் எங்களுக்குக் கத்திரி வைக்க இடமிருக்காது. தூரத்திலிருந்து எடுக்கும்போது கொஞ்சம் கூடச் செய்தாலும் தெரியாது, கிட்டே வந்துவிட்டால் பாதி போதும்.

இன்னொன்று, எல்லாரும் மறக்கிறது. டைரக்டர் "கட்" என்றதும் உடம்பைத் தளர்த்திவிடாதே. கட் என்றாலும் கேமரா உடனே நிற்காது, கேமராக்காரர் கை போய் நிறுத்துவதற்குள் மூன்று நொடியாவது ஓடிவிடும். மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிவிட்டு அசை. ஒட்டும்போது எங்களுக்கு எப்போதாவது அந்த மிச்சம் தேவைப்படும்.

எனக்கு இதில் ஒன்றைக்கூட அப்போது யாரும் சொல்லித் தரவில்லை. நான் நடித்த ஒரே காட்சி என்ன ஆச்சு என்று உனக்குத்தான் தெரியுமே. தெருவையே கூட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போனீர்கள், படம் முடிந்து விளக்குப் போடும் வரை என் முகம் வரவே இல்லை. அப்பாவுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவள் நீதானே.

அத்தானையும் அப்பாவையும் விசாரித்ததாகச் சொல்.

தங்கை

பின்குறிப்பு: அந்த இடத்தில் நன்றாக அழு. சும்மா கண் கலங்கினால் போதாது. புதுசாக வருகிறவர்கள் வாய்விட்டு அழுதால்தான் டைரக்டருக்குப் பிடிக்கும்.


ஏப்ரல் 6

அன்புள்ள கடைக்குட்டிக்கு,

இங்கே எல்லாரும் நலம், என் தொண்டையைத் தவிர. படப்பிடிப்பு முடிந்தது!

என் கவுண்டரே, என் நாற்காலியே, ஆனால் சுற்றிலும் முப்பது பேர். நீ சொன்னபடி கோட்டிலிருந்து பின்னால் நடந்து எட்டுகளை எண்ணினேன், ஏழு வந்தது. கேமராக்காரர், "யாரும்மா உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?" என்றார். "என் தங்கச்சி" என்றேன், தலையை நிமிர்த்திக்கொண்டு.

அழுவதில்தான் வம்பு. கவுண்டரில் இருந்துகொண்டு நாங்கள் அழமாட்டோமே! பதினாறு வருடத்தில் ஒரு நாள் அழுதிருந்தால் வேலையை விட்டுத் தூக்கியிருப்பார்கள். ஆனால் நீ வேறு மையில் பின்குறிப்பாகவே எழுதியிருந்தாய், உனக்குத் தெரியாதா என்று அழுதேன். தாடிக்காரர், "ஏம்மா அழறீங்க?" என்றார். "எடிட்டிங்ல இருக்கற என் தங்கச்சி அழச் சொல்லியிருக்கா சார்" என்றேன். சிரித்துவிட்டு, "சரி, அதையும் பார்ப்போம்" என்றார். பதினோரு டேக். முதலில் தண்ணீரே வரவில்லை. அப்புறம் ஒரு விஷயத்தை நினைத்துக்கொண்டேன், கொட்டு கொட்டென்று கொட்டியது. ஜன்னல் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. பதினோராவது டேக்கில் "கட், போதும்" என்று எழுந்து போய்விட்டார். நான் விடவில்லை. எல்லா டேக்கிலும் மூன்று எண்ணிவிட்டுத்தான் அசைந்தேன்.

பிலிம் உன் மேஜைக்குத்தானே வரும்? உன் கையால் அக்காவை ஒட்டப் போகிறாய்! பார்த்ததும் எப்படி இருக்கிறேன் என்று ஒளிக்காமல் எழுது.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


மே 4

அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். வேலை அதிகம். பிலிம் வந்தது, பார்த்தேன். நீ போட்டிருந்த சட்டை நன்றாக இருந்தது. கோட்டில் சரியாக நின்றாய்.

தியேட்டருக்கு இப்போதே யாரையும் கூப்பிட்டு வைக்காதே. சினிமாவில் எதுவும் கடைசி வரை நிச்சயம் இல்லை.

தங்கை


மே 11

அன்புள்ள கடைக்குட்டிக்கு,

நாங்கள் நலம். உனக்கு உடம்பு ஏதும் சரியில்லையா? ஒரு மாதம் கழித்து நாலு வரி எழுதியிருக்கிறாய், அதிலும் என் சட்டையைப் பற்றி ஒரு வரி. கோட்டில் நின்றதைச் சொன்னாய், நடித்ததைச் சொல்லவில்லை. மோசமென்றால் மோசமென்று சொல்லேன்! ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம், நான் அப்படியெல்லாம் சொல்லமாட்டேன்.

யாரையும் கூப்பிடாதே என்கிறாய், அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. ஆஸ்பத்திரியில் நர்சுகள் ஒரு வரிசை முழுக்கப் பிடிக்கப் போகிறார்களாம். அதை விடு, பெரிய சேதி வேறு. அப்பா கண் ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிட்டார்! நாலு வருடமாக நான் கெஞ்சியும் கேட்காதவர், "பொண்ணு திரையில வர்றா, மங்கலாவா பார்க்கறது?" என்று தானே கிளம்பிப் போய் டாக்டரைப் பார்த்தார். செப்டம்பரில்தான் தேதி கிடைத்தது.

அந்த மூன்று நொடி ஏதாவது உபயோகப்பட்டதா?

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஜூன் 3

அக்காவுக்கு,

நலம். அப்பா ஆபரேஷனுக்குச் சம்மதித்தது நல்ல சேதி.

ஒளிக்காமல் சொல்லச் சொன்னாய். உன் காட்சி படத்தில் இருக்காது போலிருக்கிறது. எடிட்டர் சார் மூன்று தரம் போட்டுப் பார்த்தார். "அழுகை ஜாஸ்தி. புருஷனைப் பறிகொடுத்தவளே சும்மா நிக்கறா, கவுண்டர்ல இருக்கறவ இப்படி அழுதா யாரு நம்புவா? தூக்கிடலாம்" என்றார். தாடிக்காரரும், "நேர்ல பார்த்தப்ப என்னமோ இருந்துச்சு, பிலிம்ல வரலை" என்று ஒத்துக்கொண்டார். படத்தின் நீளமும் அதிகம். இந்த வாரக் கடைசியில் முடிவு செய்வார்கள்.

இது யார் தப்பும் இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் என் காட்சி ஏன் வரவில்லை என்று கேட்கத்தான் இந்த அறைக்கு முதல் தரம் வந்தேன். வெட்டின துண்டுகளை மாட்டி வைக்கிற பெட்டியைக் காட்டினார்கள். அதில் எந்தத் துண்டில் நான் இருக்கிறேன் என்று தேடப் போய், அப்படியே வேலைக்கு இருந்துவிட்டேன். பழகிவிடும் அக்கா.

அப்பாவிடம் பக்குவமாகச் சொல்.

தங்கை


ஜூன் 8

அன்புள்ள கடைக்குட்டிக்கு,

நலம். சொல்லிவிட்டேன். கெட்ட சேதி சொல்வதுதானே என் உத்தியோகம், பக்குவத்துக்கு என்ன குறைச்சல்? நர்சுகளுக்கும் சொல்லியாயிற்று. எதிரில் "அடடா" என்றார்கள், நான் திரும்பியதும் ஒருத்தி சிரித்தது காதில் விழுந்தது.

அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்ப செப்டம்பர் ஆபரேஷனை வேண்டாம்னு சொல்லிடவா? பார்க்கறதுக்குத்தான் ஒண்ணும் இல்லையே." அடுத்த வாரம் போய்த் தேதியை விட்டுக்கொடுக்கப் போகிறாராம். அதில் மட்டும் எனக்கு வருத்தம். மற்றபடி நான் நன்றாக இருக்கிறேன்.

நீ சொன்னதையெல்லாம் அப்படியே செய்தேன் என்றுதான் நினைக்கிறேன். எதையாவது விட்டிருந்தால் சொல். அழுவதற்கு எதை நினைத்துக்கொண்டேன் என்று நீ கேட்கவே இல்லையே. கேட்காததும் நல்லதுதான்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவைத் தேதியை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று சொல். இதற்குள் விட்டுக்கொடுத்திருந்தால் போய்க் காலில் விழுந்தாவது திரும்ப வாங்கு. உன் காட்சி படத்தில் இருக்கிறது.

நலம் விசாரிக்கிற தகுதி எனக்கு இல்லை, அதனால் விசாரிக்கவில்லை. நான் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

ஏப்ரல் பதினெட்டாம் தேதி உன் பிலிம் வந்தது. ஒவ்வொரு டேக்கிலும் முன்னால் கிளாப் அடிக்கிற துண்டையும், பின்னால் கட் சொன்ன பிறகு ஓடின துண்டையும் வெட்டிப் பெட்டியில் மாட்டிவிட்டு, நடுவில் இருப்பதைத்தான் எடிட்டர் சாரிடம் கொடுப்போம். வெட்டி மாட்டுவது என் வேலை. பத்து டேக்கும் நான் நினைத்தபடியே கண்றாவியாக இருந்தது. உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது அக்கா, பொய் சொல்லமாட்டேன். பதினோராவதில் நீ விம்மி விம்மி அழுகிறாய். கட் என்று சத்தம் கேட்கிறது. கதாநாயகி நகர்ந்துவிடுகிறாள். நீ மட்டும் அசையவில்லை. உன் முகத்தில் அழுகை நின்றுபோச்சு, தண்ணீர் மட்டும் தன்பாட்டுக்கு இறங்குகிறது. அவள் நின்ற காலி இடத்தையே பார்க்கிறாய். உதடு லேசாக அசைகிறது, என்னவோ சொல்ல வந்து வேண்டாமென்று விட்ட மாதிரி. மூன்று நொடி, பிலிமில் எழுபத்திரண்டு கட்டம். அத்தனை வருடம் அந்தக் கவுண்டரில் நீ பார்த்த எல்லாரும் அதில் இருந்தார்கள். பன்னிரண்டு வருடமாக நான் பெரிய பெரிய நடிகைகளை வெட்டி ஒட்டியிருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. வேறு வார்த்தையே இல்லை. சின்ன வயதில் எப்போதும் உனக்குப் புதுக் கவுன், எனக்கு நீ போட்டுக் கழித்தது. வாழ்நாளில் நான் ஆசைப்பட்டு, நானாகத் தேடிப் போனது இது ஒன்றுதான். அதையும் நீ இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, புதுசாகவே போட்டுக்கொண்டாய். அந்தத் துண்டை நான் பெட்டியில் மாட்டவில்லை. சுருட்டிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். சாருக்குப் போனது வெறும் அழுகை.

அந்தப் பின்குறிப்பையும் சொல்லிவிடுகிறேன். வேறு மை என்று நீயே கவனித்திருக்கிறாய். கவரை ஒட்டிவிட்டுத் தபால்பெட்டி வரை போனேன். அங்கிருந்து திரும்பி வந்து, பிரித்து எழுதினேன். அழுதால் காட்சி கெட்டுப்போகும் என்று தெரிந்துதான் எழுதினேன்.

திருடிக்குத் தேள் கொட்டிய மாதிரி இரண்டு மாதம் வாயைத் திறக்காமல் இருந்தேன். நேற்று அப்பாவைப் பற்றி நீ எழுதினது வந்தது. துண்டை எடுத்துக்கொண்டு நேரே சாரிடம் போனேன். நாலு தரம் ஓட்டிப் பார்த்தார். "இது யாரு?" என்றார், அடையாளம் தெரியாமல். "எங்க அக்கா சார்." "எங்கேர்ந்து வந்துச்சு?" "என் பையிலேர்ந்து." அவர் கத்தவில்லை. தாடிக்காரரைக் கூப்பிட்டு விட்டார். இருவரும் சேர்ந்து அழுகை முழுவதையும் தூக்கிவிட்டார்கள். நீ பேசுவது, அவள் கையெழுத்துப் போடுகிற கை, அப்புறம் நேராக அந்த மூன்று நொடி. "என்ன சொல்ல வந்தாங்க அவங்க?" என்று தாடிக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

எல்லாம் முடிந்த பிறகு சார் என்னைப் பார்த்தார். "இனிமே பிலிம்ல கை வைக்காதே. டப்பாவுக்குச் சீட்டு எழுது, போதும்" என்றார். முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை அதுதான்.

பையில் கிடந்து துண்டு கீறிவிட்டதால் படத்துக்கு நெகட்டிவிலிருந்து வேறு பிரதி போடப் போகிறார்கள். கீறினதை இதோடு வைத்திருக்கிறேன். ஜன்னலில் பிடித்துப் பார். நீ பதில் எழுதாவிட்டாலும் நான் கேட்கமாட்டேன்.

உன் தங்கை


ஆகஸ்ட் 27

கடைக்குட்டிக்கு,

நாங்கள் நலம். இரண்டரை மாதமாக எழுதவில்லை. நாலு தரம் உட்கார்ந்தேன், நாலு தரமும் பேனா திட்டிக்கொண்டே போனது, கிழித்துப் போட்டேன். பாவி! அந்த நர்ஸ் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "என் தங்கச்சி, என் தங்கச்சி" என்று முப்பது பேர் நடுவில் சொல்லிக்கொண்டு நின்றேனே!

படம் வந்தது. வரிசை முழுக்க நர்சுகள். வெளியே வந்ததிலிருந்து எல்லாரும், "அந்த இடத்துல என்னக்கா நெனச்சீங்க? என்னமோ சொல்ல வந்தீங்களே, என்னது அது?" என்று பிடுங்கி எடுக்கிறார்கள். தாடிக்காரர்கூட ஆள் அனுப்பிக் கேட்டார். யாரிடமும் சொல்லவில்லை, உனக்கு மட்டும் சொல்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று. எண்ணிக்கொண்டிருந்தேனடி! நீ எண்ணச் சொன்னாய், எண்ணினேன். அவ்வளவுதான்.

அழுதபோது எதை நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குத் தியேட்டரில் விளக்குப் போட்டார்களே, உன் முகம் வரவில்லை என்று எல்லாரும் உச்சுக் கொட்டினார்களே. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது உள்ளே நிம்மதியாக இருந்தது. ஆமாம். அவள் மட்டும் ஊரைவிட்டுப் போவாளாம், பேர் வாங்குவாளாம், நான் கவுண்டரில் செத்தவர்களின் கடிகாரத்தைக் கொடுத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். வேண்டும் அவளுக்கு என்று இருந்தது. வீட்டுக்கு வந்து உனக்கு ஆறுதல் கடிதம் எழுதினேன், ஞாபகமிருக்கிறதா? அந்தக் கடிதத்தை நினைத்துக்கொண்டுதான் பதினோராவது டேக் வரை அழுதேன். நீ இரண்டு மாதம் ஒளித்து வைத்தாய். நான் பன்னிரண்டு வருடம்.

ஆபரேஷன் தேதியை அப்பா விட்டுக்கொடுக்கவில்லை. உன் கடிதம் சமயத்துக்கு வந்தது. அடுத்த மாதம் பத்தாம் தேதி. ஆனால் அதுவரை பொறுக்க அவரால் முடியவில்லை. "இப்ப ஒரு தடவை பார்க்கறேன், கண்ணு வந்தப்புறம் ஒரு தடவை பார்க்கறேன்" என்று படம் வந்த அன்றே தியேட்டருக்கு வந்துவிட்டார். எனக்குப் பக்கத்து சீட்டு, அதே மாதிரி. திரையில் என் முகம் வந்ததும் கையை இறுக்கிப் பிடித்தார். "கடைக்குட்டிதானே அது?" என்றார்.

நமக்கு ஒரே தாடை, ஒரே நெற்றி, அவருக்கோ எல்லாம் புகை. நான்தான் வருகிறேன் என்று தெரிந்தும், பன்னிரண்டு வருடமாகத் திரையில் அவர் தேடுவது உன்னைத்தானே. இருந்தாலும் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசி. "இல்லப்பா, நான்" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன்.

"ஆமாப்பா, அவதான்" என்றேன்.

"நான்தான் சொன்னேனே, அவ வருவான்னு" என்றார். முன் சீட்டுக்காரரைத் தட்டி, "என் சின்னப் பொண்ணு" என்று அவரிடமும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து டீ கொடுத்த கையோடு உண்மையைச் சொல்லிவிட்டேன். அவ்வளவு பெரிய மனசெல்லாம் எனக்குக் கிடையாது. எப்படியும் கண் தெரிந்தால் குட்டு உடைந்துவிடும். ஆனால் தியேட்டரிலிருந்து நம் வீட்டு வாசல் வரை, நாலு தெரு, திரையில் வந்தவள் நீதான்.

கோபம் இன்னும் பாதி இருக்கிறது. பத்தாம் தேதிக்கு வந்து சேர், மீதியை நேரில் திட்டித் தீர்க்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா